அருமருந்தும் அறக்கணக்கும்

ஒரு மருந்து சிறிதளவே இருக்கிறது. அது முழுவதையும் உட்கொண்டாலன்றி உயிர் பிழைக்க இயலாத நோயாளி ஒருவர் ஒருபுறம். அதில் ஐந்திலொரு பங்கே போதுமான நோயாளிகள் ஐவர் மறுபுறம். மருந்தை யாருக்குக் கொடுப்பது? பிரித்தானிய மெய்யியலாளரான பிலிப்பா ஃபூட் 1967ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வகை உதாரணமொன்றைக் கையாண்டார். ஐவரைக் காப்பதே முறை என்பதில் அவருக்கு ஐயமிருக்கவில்லை. பத்தாண்டுகளின் பின்னர், 1977இல், ஜோன் ரோறெக் என்னும் அமெரிக்க மெய்யியலாளர் அதே உதாரணத்தை மீண்டும் எடுத்து, ஐவர் என்னும் எண்ணிக்கைக்குத் தனியானதோர் அறப்பெறுமதி இல்லை என வாதித்தார். ஐவருள் ஒவ்வொருவரும் இழக்கப்போவது தத்தம் ஓருயிரையே. ஐந்து இழப்புகளையும் ஒன்றாகக் கூட்டி அனுபவிக்கும் ஆறாவது ஆள் ஒருவர் எங்கும் இல்லை. ஆதலின் நாணயத்தைச் சுண்டி, அறுவருக்கும் சமவாய்ப்பு அளிப்பதே நேர்மை என்பது அவரது முடிவு.

மெய்யியல் வகுப்புகளில் இவ்வாதம் இன்றும் உயிரோடு உலவுகின்றது. எனினும் மெய்யியலாளரின் அலுமாரியிலுள்ள மருந்துக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: அது எப்பொழுதும் பலிக்கும். மருந்து நோயைத் தீர்க்குமா, தீர்க்காதா என்னும் வினா அங்கே எழுவதில்லை. மருந்து எங்கிருந்து வந்தது, எவர் பணத்தில் வாங்கப்பட்டது, அலுமாரியின் திறப்பு எவர் கையிலுள்ளது என்பனவும் அங்கே கேட்கப்படுவதில்லை. நடைமுறையிலோ இவையே முதல் வினாக்கள். புதிய மருந்தொன்று பரிசோதனைக்கென அரிதாகத் திரட்டப்படும்போது, அதே மருந்தைப் பரிசோதனைக்கு வெளியே சாகுந்தறுவாயில் இருப்பவர் கேட்கிறார். அவருக்குக் கொடுத்தால் பரிசோதனைக்கு ஒரு பங்கு குறையும். கொடாவிட்டால் ஓர் உயிருக்கு இருந்த கடைசி நம்பிக்கை போகும். இவ்விரண்டிற்கும் இடையிலான நியாயம் யாது என்பதே ஆராயத்தக்கது.

இப்பிரச்சினை முதன்முதலாகத் தெளிவான வடிவில் எழுந்தது இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு இலண்டனில் எனலாம். ஐக்கிய அமெரிக்காவின் றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுகூடத்தில், அவரது மாணவரான அல்பேட் ஷாட்ஸ் 1943இல் ஸ்ரெப்ரோமைசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். கசநோய்க் கிருமியை எதிர்க்கவல்ல முதலாவது நுண்ணுயிரெதிரி அதுவே. போரினால் நலிந்திருந்த பிரித்தானியாவிடம் டொலர் இல்லை. அமெரிக்காவிலிருந்து வாங்க முடிந்தது மிகச் சிறிய அளவே. வாங்கியதை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் பொறுப்பு மருத்துவ ஆராய்ச்சி மன்றத்திடம் வந்து சேர்ந்தது.

மன்றத்தினர் செய்த முதற்காரியம் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. ஆயின் அறநோக்கில் அதுவே மிக முக்கியமானது. கசநோய் மூளையுறையைத் தாக்கியோருக்கும், உடலெங்கும் தினையரிசி போற் பரவியோருக்கும் அந்நாளில் மரணம் நிச்சயம். அவர்களுக்கு மருந்து குலுக்கலின்றி வழங்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென மருந்தின்றி ஒரு குழுவினரை விட்டுவைக்க வேண்டிய தேவை அங்கு இருக்கவில்லை. மருந்தில்லாதோர் கதி யாவருக்கும் தெரிந்ததே. எஞ்சிய மருந்தே, போக்குத் திட்டமாகச் சொல்ல முடியாத நுரையீரற் கசநோயாளரிடையே பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது.

இரு நுரையீரல்களிலும் நோய் விரைந்து முற்றிவரும் இளவயதினர் 107 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். நுரையீரலைச் சுருங்கவைக்கும் அக்காலச் சிகிச்சைக்கும் தகுதியற்றவர்கள் இவர்கள். படுக்கையில் ஓய்வு ஒன்றே இவர்களுக்கு எஞ்சியிருந்த வைத்தியம். யாருக்கு மருந்து என்பதைப் புள்ளிவிபரவியலாளரான ஒஸ்ரின் பிராட்போட் ஹில், எழுமாற்று எண்களைக் கொண்டு முன்கூட்டியே தீர்மானித்து, முத்திரையிட்ட கடித உறைகளுள் வைத்தார். நோயாளி சேர்க்கப்பட்ட பின்னரே உறை திறக்கப்பட்டது. வைத்தியரின் இரக்கமோ, நோயாளியின் செல்வாக்கோ, உறவினரின் கண்ணீரோ அவ்வுறையினுள் நுழைய வழியிருக்கவில்லை. 55 பேருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஊசி. 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றோருள் நால்வரும் பெறாதோருள் பதினால்வரும் இறந்திருந்தனர். 1948 ஒக்ரோபரில் இம்முடிவு வெளிவந்தது.

இறந்த அப்பதினால்வருக்கு அநீதி இழைக்கப்பட்டதா? எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை. எப்படிப் பங்கிட்டாலும் பலருக்குக் கிட்டாது. கிட்டாமையைச் சீட்டினால் தீர்மானித்ததால் எவருக்கும் புதிதாக எதுவும் பறிபோகவில்லை என்பது ஹில்லின் பக்கத்து வாதம். செல்வாக்கினாற் பங்கிடுவதிலும் சீட்டினாற் பங்கிடுவது நேரியது. அத்துடன் சீட்டினால் அறிவும் விளைகின்றது. இவ்வாதம் வலிமையானது. இல்லாத பொருளைக் குலுக்கல் பறிப்பதில்லை.

ஆயினும் இரண்டு இடங்களில் இவ்வாதம் தான் தாங்கக்கூடியதிலும் அதிக பாரத்தைச் சுமக்கிறது. மருந்து பெறாத 52 பேருக்கும் தாம் ஒரு பரிசோதனையில் இருப்பதாகச் சொல்லப்படவில்லை. பற்றாக்குறை, கொடாமைக்கு நியாயமாகலாம். சொல்லாமைக்கு அது நியாயமாகாது. சொல்வதற்குப் பற்றாக்குறை எதுவும் இருக்கவில்லை. மற்றொன்று, அப்பற்றாக்குறையின் தன்மை பற்றியது. டொலர் இல்லை என்பது உண்மை. எனினும் அதே ஆண்டுகளில் அமெரிக்கப் புகையிலைக்கும் அமெரிக்கத் திரைப்படங்களுக்கும் பிரித்தானியா பெருந்தொகை டொலரைச் செலவிட்டுக்கொண்டே இருந்தது. டொலரை மிச்சப்படுத்தவெனப் புகையிலைத் தீர்வையை அரசு கடுமையாக உயர்த்தியது 1947இல்தான். ஆகவே மருந்தின் அருமை முழுவதும் இயற்கையின் செயலன்று. ஒரு பகுதி மனிதத் தெரிவே. (ஹில்லும் றிச்சட் டோலும் 1950இல் வெளியிட்ட ஆய்வு புகைத்தலையும் நுரையீரற் புற்றுநோயையும் தொடர்புபடுத்தியது என்பதை நினைக்கையில் இவ்வரலாற்றின் முரண்நகை மேலும் கூர்மையாகின்றது.) இருந்தும், பங்கீட்டுக் குழுவினர் தம் கையிற் கிடைத்ததை நேர்மையாகப் பங்கிட்டனர் என்பதை மறுப்பதற்கில்லை. பொருளை அருமையாக்கியவர் ஒருவர், பங்கிட்டவர் வேறொருவர் என்னும் வேறுபாடு இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

ஐந்தாண்டுகளின் பின் வந்த செய்தி இன்னும் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. மருந்து பெற்ற 55 பேருள் 32 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். பெறாத 52 பேருள் இறந்தோர் 35 பேர். ஆறு மாதத்தில் மலைபோலத் தோன்றிய வேறுபாடு ஐந்தாண்டில் மேடாகக் குறைந்துவிட்டது. கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டமையே காரணம். இவ்வெதிர்ப்பின் அளவு பரிசோதனையிலேயே தெளிவாகியதால் அடுத்த பரிசோதனையில் ‘பாஸ்’ எனப்பட்ட மற்றொரு மருந்து சேர்த்துக் கொடுக்கப்பட்டது. எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. கூட்டுமருந்துச் சிகிச்சை பிறந்த கதை இதுவாகும். இரக்கத்தின் பேரால் மருந்தைக் கேட்டவர்க்கெல்லாம் ஊற்றியிருந்தால் ஆறாவது மாதத்தில் விழா எடுத்திருப்பர். ஐந்தாவது ஆண்டில் ஏன் நோயாளர் சாகின்றனர் என்பதை அறியாது திகைத்திருப்பர்.

அதே 1948இல், சீட்டுக்கு வெளியேயும் ஒருவர் இம்மருந்தைப் பெற்றார். ஸ்கொத்லாந்தின் மருத்துவமனையொன்றிற் கசநோயோடு படுத்திருந்த எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல்லே அவர். பத்திரிகையாசிரியரான நண்பர் டேவிட் அஸ்ரர் அமெரிக்காவிலிருந்து மருந்தைத் தருவித்தார். சுகாதார அமைச்சர் அனுரின் பெவனின் அனுமதி பெறப்பட்டது. விலை எழுத்தாளரின் அமெரிக்க வருமானத்திலிருந்து கொடுக்கப்பட்டது. மருந்து அவருடலுக்கு ஒவ்வவில்லை. தோல் உரிந்தது, வாய் புண்ணாயிற்று, மயிர் கொட்டியது. சிகிச்சை நிறுத்தப்பட்டது. எஞ்சிய மருந்து இரு வைத்தியர்களின் மனைவியருக்குக் கொடுக்கப்பட்டு அவர்கள் குணமடைந்தனர் எனப் பதிவாகியுள்ளது. ஓர்வெல் 1950 ஜனவரியில் இறந்தார்.

ஓர்வெல் எவருடைய பங்கையும் எடுத்துவிடவில்லை. பரிசோதனைக்கென வந்த மருந்தில் ஒரு துளியும் அவருக்குச் செல்லவில்லை. ஆனால் அவர் நுழைந்த கதவு ஏனையோருக்கு இருந்ததா? ஆசிரிய நண்பரும் அமைச்சரின் அனுமதியும் டொலர் வருமானமும் இல்லாத கசநோயாளர் ஆயிரக்கணக்கில் அந்நாட்டில் இருந்தனர். மூளையுறைக் கசநோய்ப் பிள்ளைகளுக்குக் கிட்டிய விலக்கும் ஓர்வெல்லுக்குக் கிட்டிய விலக்கும் வெளித்தோற்றத்தில் ஒன்றே: இரண்டும் சீட்டைக் கடந்தவை. முன்னதைத் தீர்மானித்தது நோயின் தன்மை. பின்னதைத் தீர்மானித்தது நோயாளியின் கை எட்டும் தூரம். விசேட அனுமதி பற்றிய அறவாதம் அனைத்தும் இவ்வேறுபாட்டிலேயே தங்கியுள்ளது. அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதிலும், எதனை நோக்கி அனுமதி அளிக்கப்படுகிறது என்று கேட்பதே பயன்தரும்.

இலண்டனின் முறை எட்டாண்டுகளின் பின்னர் தமிழ்நாட்டையும் வந்தடைந்தது. 1956இல் சென்னையில், அதே மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை அரசும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து ஒரு நிலையத்தை நிறுவின. இம்முறை அரிதாயிருந்தது மருந்தன்று, மருத்துவமனைக் கட்டில். நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்த ஏழை நோயாளருள் சிலருக்குச் சீட்டின்படி சானடோரியக் கட்டிலும், ஏனையோருக்கு வீட்டிலிருந்தே குளிகைகளும் வழங்கப்பட்டன. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அதேயளவு குணமடைந்தனர் என்பது 1959இல் வெளிவந்தது. கட்டில் கிடைக்காதது பேரிழப்பு என எண்ணியிருந்தோர், உண்மையில் இழந்தது மிகக் குறைவு. விரும்பிய பொருளைப் பெறாதவர் எல்லோரும் நட்டமடைந்தவர் அல்லர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

இதனைக் கொண்டு, சாகும் நோயாளியின் வேண்டுகோளை அறியாமையென ஒதுக்கிவிடலாம் என்று கொள்ளுதல் தவறு. 1986இல் ஐக்கிய அமெரிக்காவில் எயிட்ஸ் நோயாளர் 282 பேரிடையே ‘ஏஇசட்ரி’ என்னும் மருந்து பரிசோதிக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மருந்து; மறு பகுதியினருக்கு அதே தோற்றமுடைய வெறுங்குளிகை. இவ்வகைப் பரிசோதனைக்கு மருந்து திரட்டுதல் என்பது வாங்கி வைப்பது மட்டுமன்று. மருந்தும் வெறுங்குளிகையும் நிறத்தாலும் வடிவாலும் சுவையாலும் வேறுபடாதிருக்க வேண்டும். குறியீட்டெண் தவிர வேறெதுவும் உள்ளிருப்பதைக் காட்டிக்கொடுத்தலாகாது. ஆனால் வேறு கதவு எதுவுமில்லாத நோயாளர், உறையைத் திறந்து சுவைத்துப் பார்த்தனர். சிலர் இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினர். சிலர் தமக்குக் கிடைத்ததை நண்பரோடு பங்கிட்டுக்கொண்டனர். தமது உயிரோடு தொடர்புடைய செய்தி தமக்கே மறைக்கப்படுவதை அவர்கள் ஏற்கவில்லை. வெறுங்குளிகை பெற்றோருள் 19 பேரும் மருந்து பெற்றோருள் ஒருவரும் இறந்த நிலையில் அச்சோதனை இடைநிறுத்தப்பட்டது. 1987 மார்ச்சில் மருந்து அங்கீகரிக்கப்படுவதற்கு முன்னரே, நாலாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது விசேட ஏற்பாட்டில் வழங்கப்பட்டது.

அங்கே கற்ற பாடம் ஒன்று உண்டு. வெளிக்கதவு முற்றாக மூடப்பட்டால், பரிசோதனை நோயாளிக்கு ஆய்வாக இராது; மருந்துக்கான ஒரே வரிசையாகிவிடும். அவ்வரிசையில் நிற்பவரின் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று கூறுவது கடினம். 1989இல் ‘டிடிஐ’ என்னும் அடுத்த மருந்து வந்தபோது, பரிசோதனையிற் சேர இயலாதோருக்கென அருகிலேயே இன்னொரு தடம் அமைக்கப்பட்டது இதனாலேயே.

மறுபுறம், கதவு முற்றாகத் திறக்கப்பட்டால் நேர்வதையும் அதே நாடு கண்டது. மார்புப் புற்றுநோய்க்கு மிகையளவு நச்சுமருந்தைச் செலுத்திப் பின் எலும்பு மச்சையை மாற்றும் சிகிச்சை, 1990களில் பல்லாயிரம் பெண்களுக்குப் பரிசோதனைக்கு வெளியே அளிக்கப்பட்டது. நம்பிக்கை இருந்தது, வேண்டுகோள் இருந்தது, நீதிமன்ற வழக்குகளும் இருந்தன. வெளியே எளிதிற் கிடைத்ததால் பரிசோதனைகளிற் சேர்வோர் குறைந்தனர். விடை பல ஆண்டுகள் தாமதித்தது. 1999இல் முடிவுகள் வந்தபோது வழக்கமான சிகிச்சையிலும் அது மேலானதன்று எனத் தெரிந்தது. இடையில் அச்சிகிச்சையின் கொடுமையினாலேயே இறந்தோரும் உண்டு.

இவ்விரு முனைகளுக்கும் இடையே, எளிதில் எப்பக்கமும் சாய்க்க முடியாத நிகழ்வொன்று 2014 ஜூலையில் நடந்தது. சியரா லியோனின் கெனெமா நகரில் எபோலா நோயாளரைப் பராமரித்த தலைமை வைத்தியர் ஷேக் உமர் கான், தாமும் அந்நோய்க்கு ஆளானார். ‘சிமாப்’ என்னும் பரிசோதனை மருந்து, அவர் கிடந்த சிகிச்சை நிலையத்திலேயே குளிரூட்டியில் இருந்தது. புகையிலை இனத் தாவரத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட அம்மருந்து அதுவரை எந்த மனிதருக்கும் கொடுக்கப்பட்டதில்லை. உலகெங்கும் இருந்ததோ ஒருசிலருக்குப் போதுமான அளவே. கொடுத்து அவர் இறந்தால், வெளிநாட்டார் தம் வைத்தியரைப் பரிசோதித்துக் கொன்றனர் என மக்கள் கருதுவர். ஏற்கெனவே மெலிந்திருந்த நம்பிக்கை அறுந்துபோம். அவரைச் சூழ்ந்திருந்த வைத்தியர்கள் இவ்வாறு எண்ணிக் கொடாமல் விட்டனர். ஜூலை 29இல் அவர் இறந்தார். சில நாட்களுள் அதே வகை மருந்து லைபீரியாவிற் பணியாற்றிய அமெரிக்கர் இருவருக்குக் கொடுக்கப்பட்டது; இருவரும் பிழைத்தனர். ஓகஸ்ட் 11ஆந் திகதி, நிறுவப்படாத மருந்தை இத்தகைய கொள்ளைநோயிற் கொடுப்பது அறமே என உலக சுகாதார நிறுவனத்தின் குழு கூறியது.

மருந்து அமெரிக்கரைக் காத்ததா? அதுவும் தெரியாது. பின்னர் 72 பேரிடையே நடந்த சோதனையில் சிமாப் பெற்றோருள் 22 வீதமும் பெறாதோருள் 37 வீதமும் இறந்தனர். கொள்ளைநோய் தணிந்துவிட்டதால் உறுதி கூறப் போதிய ஆட்கள் சேரவில்லை. 2019இல் கொங்கோவில் முடிவுற்ற சோதனையில், புதிய இரு மருந்துகளுக்கு முன் சிமாப் தோற்றது. ஆகவே கெனெமா வைத்தியருக்கு இழைக்கப்பட்ட தவறு, உறுதியான உயிர் ஒன்றைப் பறித்தமையன்று. மருந்தின் அபாயத்தை எடைபோடத் தெரிந்த ஒருவர் விடயத்தில், எடைபோடும் தராசை ஏனையோர் கைக்கொண்டமையே அது. ஊராரின் நம்பிக்கை காக்கப்படவேண்டியதுதான். எனினும் ஒருவர் உயிர்பற்றிய தீர்மானத்தில் ஊரார் என்ன நினைப்பர் என்பது அவரது விருப்பத்துக்கு முன்னே வைக்கப்படுமாயின், அவர் பிறரது நன்மைக்கான கருவியாகிறார். மனிதனைக் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்னும் காந்தின் கோட்பாடு பரிசோதனையில் மருந்து கொடுக்கப்படுபவருக்கு மட்டும் உரியதன்று. மருந்து மறுக்கப்படுபவருக்கும் உரியது.

இன்று பல நாடுகளிற் சட்டம் ஒரு கதவை வைத்துள்ளது. இலங்கையின் 2015ஆம் ஆண்டு 5ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும், உயிர்காத்தல், கொள்ளைநோய்த் தடுப்பு முதலிய விசேட நிலைமைகளில் குறித்த மருந்தொன்றைக் குறித்த அளவில் தருவிக்க அனுமதி அளிக்க இடமளிக்கின்றது. ஆனால் அரசின் அனுமதி பாதி வழியே. ஐக்கிய அமெரிக்காவில் இத்தகைய விண்ணப்பங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவை ஏற்கப்படுகின்றன; எனினும் மருந்தைக் கொடுக்குமாறு கம்பனியைக் கட்டாயப்படுத்த எவருக்கும் அதிகாரமில்லை. முயன்று பார்க்கும் உரிமை என்னும் பெயரில் 2018இல் அங்கு இயற்றப்பட்ட சட்டமும் அக்கடமையை விதிக்கவில்லை. உரிமை நோயாளிக்கு, திறப்பு கம்பனிக்கு. ரோறெக்கின் நாணயத்தை இப்பொழுது சுண்டுபவர் மருந்தின் உரிமையாளரே.

அவ்வுரிமையாளர் நாணயத்தைச் சுண்டியும் காட்டினார். முதுகுத்தண்டுத் தசைநலிவு என்னும் பரம்பரை நோயுடைய குழந்தைகளுக்கான மரபணுச் சிகிச்சையொன்று 2019 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. ஒரு குழந்தைக்கு ஒரே முறை செலுத்தப்படும் அம்மருந்தின் விலை அப்பொழுது இருபத்தொரு இலட்சம் டொலராக இருந்தது. ஏனைய நாடுகளில் அனுமதி கிடைக்குமுன், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2020இல் நூறு தடவைக்கான மருந்து வரை இலவசமாகக் குலுக்கல் முறையில் வழங்கப்படும் என நோவாட்டிஸ் கம்பனி 2019 டிசம்பரில் அறிவித்தது. உற்பத்தி வசதி குறைவு, ஆதலாற் சீட்டே நேர்மையானது என்பது கூறப்பட்ட நியாயம். பெற்றோர் சங்கங்கள் பல இதனைக் கண்டித்தன. குழந்தைகளின் உயிரைப் பரிசுச்சீட்டாக்குவதா என்று கேட்டன. உதவி பெற்ற குடும்பங்களுக்கு அது பேருதவி என்பதும் உண்மையே.

ஹில்லின் முத்திரையிட்ட உறையும் இக்குலுக்கலும் ஒரே நியாயத்தைக் கூறுகின்றன, ஒன்றல்ல. இலண்டனில் பற்றாக்குறையைப் பங்கிட்டவர் அதனை உண்டாக்கியவரல்லர். இங்கு விலையையும் அளவையும் குலுக்கலையும் தீர்மானித்தவர் ஒருவரே. இலண்டனில், நோய் மிகக் கொடிதானோர் சீட்டுக்கு முன்னரே மருந்து பெற்றனர். இங்கு மூச்சுத் திணறும் பிள்ளையும் சற்றுத் தேறிய பிள்ளையும் ஒரே பாத்திரத்தில் இடப்பட்டனர். இலண்டனில் சீட்டை இழந்தோரிடமிருந்து உலகம் ஒன்றைக் கற்றது. அக்கடன் பின்னாளிற் கசநோயாளர் கோடிக்கணக்கானோருக்குக் கூட்டுமருந்தாகத் திரும்பியது. 1948ஆம் ஆண்டின் அட்டவணையில் அவர்கள் பெயர் இல்லாவிடினும், 52 என்னும் எண்ணாக நிற்கின்றனர். 2020இன் குலுக்கலிற் பெயர் வராத குழந்தைகளின் கதி எந்த ஆய்வு அட்டவணைக்கும் உரியதன்று. அக்குலுக்கல் அதற்கென நடத்தப்பட்டதுமன்று.